மயிலாப்பூரில் 58 நாள் உண்ணாவிரதம்: யார் இந்த பொட்டி ஸ்ரீராமுலு? அறவழிப் போராட்டத்துக்கு எல்லை எது?

லஸ் பக்கம் இருந்து ராயப்பேட்டை நோக்கிப் போகிற நெடுஞ்சாலையில், மயிலாப்பூரில், 126-ம் எண் கட்டடம் ஒன்று இருக்கிறது. தினமும் பைக்கிலும் பஸ்ஸிலும் அந்த வழியாகப் போகிறவர்களில் பலர் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனா, இந்திய மேப் மாறியதற்கு ஒரு முக்கியக் காரணம் அங்கேதான் நடந்தது.

1952 அக்டோபர் 19-ம் தேதி அந்த முகவரியில் ஒருவர் சாப்பிடுவதை நிறுத்தினார். டிசம்பர் 15 இரவு உயிரிழந்தார். மொத்தம் 58 நாட்கள். அடுத்த நான்கே நாளில், ஆந்திர மாநிலம் அமைக்கப்படும் என்று பிரதமர் நேரு அறிவித்தார்.

அவர் பெயர் பொட்டி ஸ்ரீராமுலு. தெலுங்கு மக்களுக்கு அவர் அமரஜீவி. சென்னைக்காரர்கள் பலருக்கு, பெயர் மட்டும் கேட்ட மாதிரி இருக்கும்.

யார் மேலும் கை ஓங்காமல், தன்னை மட்டுமே வருத்திக்கொண்ட போராட்டம் அது. ஆனால் அவர் இறந்த பிறகு ஆந்திரப் பகுதிகளில் ரயில்கள் மறிக்கப்பட்டன, அரசு அலுவலகங்கள் தாக்கப்பட்டன, துப்பாக்கிச்சூட்டில் உயிர்கள் போயின. அப்போ அந்த உண்ணாவிரதத்தை அமைதிவழிப் போராட்டம் என்று சொல்லலாமா? 70 வருடம் தாண்டியும் இந்தக் கேள்வி முடியவில்லை.

சென்னையில் பிறந்த தெலுங்கர்

ஸ்ரீராமுலு பிறந்தது 1901 மார்ச் 16-ம் தேதி, சென்னையில்தான். ஜார்ஜ் டவுன் பகுதியில் உள்ள அண்ணாப்பிள்ளை தெருவில் பிறந்தார். பெற்றோர் குரவய்யா, மகாலட்சுமம்மா. குடும்பத்தின் பூர்வீகம் அன்றைய நெல்லூர் மாவட்டம்.

பள்ளிப்படிப்பு சென்னையில். பிறகு பம்பாய் விக்டோரியா ஜூபிளி தொழில்நுட்பக் கல்லூரியில் சானிட்டரி இன்ஜினியரிங் படித்தார். கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் வேலை கிடைத்தது. கல்யாணம் ஆனது. அந்தக் காலத்துக்கு நல்ல சம்பளம், நிம்மதியான வாழ்க்கை.

1920-களின் கடைசியில் எல்லாம் தலைகீழானது. மனைவி இறந்தார், பிறந்த குழந்தையும் பிழைக்கவில்லை. ரயில்வே வேலையை விட்டுவிட்டு காந்தியிடம் போய்ச் சேர்ந்தார் ஸ்ரீராமுலு. 1930 உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார்.

போராட்டத்துக்கும் ரூல்ஸ் உண்டு

காந்தியின் போராட்டம் என்றால் சட்டத்தை மீறுவது மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதற்கு கறாரான நடத்தை விதிகள் இருந்தன. தண்டி யாத்திரை கிளம்புவதற்கு முன்பே, 1930 பிப்ரவரி இறுதியில், தன் யங் இந்தியா இதழில் அவற்றை காந்தி வெளியிட்டார். சுருக்கமாகச் சொன்னால்:

• கோபப்படக் கூடாது. எதிராளி கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

• அடித்தால் திருப்பி அடிக்கக் கூடாது. திட்டவும் கூடாது.

• கைது செய்ய வந்தால் ஓடக் கூடாது, எதிர்க்கக் கூடாது.

• எதிராளியை யாராவது அவமானப்படுத்தினாலோ தாக்கினாலோ, உயிரைக் கொடுத்தாவது அவரைக் காப்பாற்ற வேண்டும்.

• ஜெயிலில் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும். வசதி இல்லை என்பதற்காக அங்கே உண்ணாவிரதம் இருக்கக் கூடாது. சுயமரியாதைக்குப் பங்கம் வந்தால் மட்டும் விதிவிலக்கு.

இன்னொரு விஷயம், ஒளிவுமறைவு கூடாது. உப்புச் சட்டத்தை மீறப் போகிறேன் என்று வைஸ்ராய் இர்வினுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதிவிட்டுத்தான் காந்தி நடக்கத் தொடங்கினார்.

1940-ல் தனிநபர் சத்தியாகிரகம் வந்தபோது விதிகள் இன்னும் இறுகின. காந்தி ஒப்புதல் கொடுத்தவர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். எங்கே, எப்போது சட்டத்தை மீறப் போகிறோம் என்று அதிகாரிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். முதல் ஆளாகப் போனவர் வினோபா பாவே. அந்தப் போராட்டத்திலும், பிறகு வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் ஸ்ரீராமுலு சிறை சென்றார். இந்த ரூல்ஸ் எல்லாம் அவருக்கு அத்துப்படி.

நெல்லூரில் வெறுங்காலுடன்

சிறைவாசங்களுக்கு இடையே கிராமப் பணிகளில் ஈடுபட்டார். குஜராத்திலும், கிருஷ்ணா மாவட்டம் கொமரவோலு கிராமத்தில் இருந்த காந்தி ஆசிரமத்திலும் வேலை செய்தார். அதன் பிறகு நெல்லூர்.

தலித் மக்களைக் கோயிலுக்குள் விட வேண்டும், தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதுதான் அங்கே அவரது முழுநேர வேலை. இதை அட்டைகளில் எழுதிப் பிடித்துக்கொண்டு, கொளுத்தும் வெயிலில், செருப்பு இல்லாமல், குடை இல்லாமல் தெருத்தெருவாகத் தனி ஆளாக நடப்பார். ஊரில் சிலர் அவரைப் பைத்தியம் என்றார்கள். அவருடைய சொந்த சாதிக்காரர்களே கடிந்துகொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

நெல்லூர் மூலப்பேட்டை வேணுகோபால சுவாமி கோயிலில் தலித் மக்களை அனுமதிக்கக் கோரி உண்ணாவிரதம் இருந்தார். கோயில் கதவு திறந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த உண்ணாவிரதம் அவருக்குத் தெரிந்த ஊரை, அவரைத் தெரிந்த மனிதர்களை நோக்கி இருந்தது. கோரிக்கை தெளிவாக இருந்தது. அதை நிறைவேற்றும் சாவியும் அந்த ஊர்க்காரர்கள் கையிலேயே இருந்தது.

1946: நிறுத்தச் சொன்னார் காந்தி

1946 நவம்பரில் ஸ்ரீராமுலு அடுத்த கட்டத்துக்குப் போனார். சென்னை மாகாணத்தில் உள்ள எல்லாக் கோயில்களையும் தலித் மக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போது மாகாணப் பிரதமர் டி.பிரகாசம்.

சுதந்திரம் வாசலில் நிற்கிற நேரம். இப்போது இது தேவையா என்று காங்கிரஸ்காரர்கள் கேட்டார்கள். ஸ்ரீராமுலு மசியவில்லை. விஷயம் காந்தியிடம் போனது. காந்தி சொன்ன பிறகுதான் உண்ணாவிரதத்தைக் கைவிட்டார். நல்ல உழைப்பாளி, ஆனால் கொஞ்சம் விசித்திரமான ஆள் என்பது அவரைப் பற்றி காந்தியின் மதிப்பீடு. அடுத்த வருடமே, 1947-ல், கோயில் நுழைவு உரிமைக்கான சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது.

1946-ல் ஸ்ரீராமுலு உயிர் பிழைத்ததற்குக் காரணம், போதும் நிறுத்து என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்தார், அவர் சொன்னால் இவர் கேட்பார் என்பதுதான். 1948 ஜனவரி 30-ம் தேதிக்குப் பிறகு அந்த ஒருவர் இல்லை.

தனி ஆந்திரா, இடையில் சென்னை

தெலுங்கு பேசும் மக்களுக்குத் தனி மாகாணம் வேண்டும் என்பது சுதந்திரத்துக்கு ரொம்ப முன்பே எழுந்த கோரிக்கை. 1920-லேயே காங்கிரஸ் தன் கட்சி அமைப்பை மொழிவாரியாகப் பிரித்துக்கொண்டது. ஆனால் பிரிவினையின் ரத்தத்தைப் பார்த்த பிறகு, மொழியின் பேரில் நாட்டைக் கூறுபோட வேண்டாம் என்று நேரு தயங்கினார்.

நேரு, வல்லபாய் படேல், பட்டாபி சீதாராமய்யா ஆகிய மூவரும் இருந்த குழு 1949-ல் அறிக்கை கொடுத்தது. மற்ற மொழிவாரி மாநிலங்களை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம், ஆந்திராவைப் பரிசீலிக்கலாம், ஆனால் ஆந்திரர்கள் சென்னை நகரத்தைக் கேட்கக் கூடாது என்பது அதன் சாரம். அங்கேதான் சிக்கல். சென்னையில் தெலுங்கு மக்கள் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள், அவர்களது தொழில், பத்திரிகை, அரசியல் எல்லாம் இங்கேதான் நடந்தது. மறுபக்கம், சென்னையை விட்டுத்தர முடியாது என்று ம.பொ.சிவஞானம் தலைமையில் தமிழர்கள் போராடினார்கள்.

1951 ஆகஸ்ட் 15-ம் தேதி சுவாமி சீதாராம் என்ற காந்தியவாதி ஆந்திராவுக்காக உண்ணாவிரதம் தொடங்கினார். 35 நாட்கள் கழித்து, வினோபா பாவே கேட்டுக்கொண்டதால் முடித்துக்கொண்டார். இங்கேயும் நிறுத்தச் சொல்ல ஒருவர் இருந்தார், உயிர் தப்பியது. ஆனால் மாநிலம் வரவில்லை.

மயிலாப்பூர் வீட்டில் 58 நாட்கள்

1952 அக்டோபரில் ஸ்ரீராமுலு சென்னைக்கு வந்தார். வயது 51. அவர் உண்ணாவிரதத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம், சென்னை மாகாண சட்டமன்றத்தின் முன்னாள் சபாநாயகர் புலுசு சாம்பமூர்த்தியின் மயிலாப்பூர் இல்லம். முதல்வர் நாற்காலியில் ராஜாஜி. கோரிக்கை, தனி ஆந்திர மாநிலம்.

ஆரம்பத்தில் டெல்லி இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உண்ணாவிரதத்துக்கு அரசு பணிந்தால் நாளைக்கு ஆளாளுக்கு உட்கார்ந்துவிடுவார்கள் என்பது ஆட்சியாளர்களின் கணக்கு. டிசம்பர் முதல் வாரத்தில்கூட, இதற்கெல்லாம் அசைய மாட்டேன் என்ற மனநிலையில்தான் நேரு இருந்தார்.

ஆனால் ஆந்திராவில் சூடு ஏறிக்கொண்டே போனது. டிசம்பர் 12-ம் தேதி, ஆந்திரக் கோரிக்கையை ஏற்கும் நேரம் வந்துவிட்டது என்று ராஜாஜிக்கு எழுதினார் நேரு. ஆனால் உறுதியான அறிவிப்பு உடனே வரவில்லை. மூன்றே நாளில் ஸ்ரீராமுலு இறந்துபோனார்.

மரணச் செய்தி பரவியதும் ஆந்திரப் பகுதிகள் கொந்தளித்தன. பொதுச்சொத்து பெருமளவில் சேதமானது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலர் இறந்தார்கள். டிசம்பர் 19-ம் தேதி அறிவிப்பு வந்தது.

1953 அக்டோபர் 1-ம் தேதி, கர்னூலைத் தலைநகராகக் கொண்டு ஆந்திர மாநிலம் பிறந்தது. முதல் முதல்வர், அதே டி.பிரகாசம். சென்னை தமிழர்களிடமே இருந்தது. அந்த வருட இறுதியிலேயே மாநில மறுசீரமைப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1-ல் இந்தியாவின் மேப் மொழிவாரியாக மாற்றி வரையப்பட்டது.

அறப்போராட்டமா, நிர்ப்பந்தமா?

காந்தியின் அளவுகோலில் உண்ணாவிரதம் கடைசி ஆயுதம். அன்புள்ளவர்களைத் திருத்தத்தான் அதைப் பயன்படுத்தலாம், எதிரியிடம் இருந்து எதையாவது பறிக்க அல்ல என்பது அவர் வகுத்த வரம்பு.

ஆனால் காந்தியே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டதாக ஒருமுறை ஒப்புக்கொண்டார். 1939-ல் ராஜ்கோட் சமஸ்தானத்தில் உண்ணாவிரதம் இருந்தபோது, வைஸ்ராய் தலையிட வேண்டும் என்று கேட்டார். வைஸ்ராய் தலையிட்டார். தலைமை நீதிபதி மாரிஸ் குவையரின் தீர்ப்பு காந்திக்குச் சாதகமாக வந்தது. பிறகு யோசித்துப் பார்த்த காந்தி, மேலிடத்தை வைத்து அழுத்தம் கொடுத்தது தப்பு, அது நிர்ப்பந்தம் என்று சொல்லி, தனக்குக் கிடைத்த வெற்றியையே வேண்டாம் என்று கைவிட்டார்.

அதற்கு முன், 1932-ல் தாழ்த்தப்பட்டோருக்கான தனி வாக்காளர் தொகுதியை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தி இருந்த உண்ணாவிரதத்தை, நிர்ப்பந்தம் என்றே அம்பேத்கர் பார்த்தார். 1949 நவம்பர் 25-ம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசியபோது இன்னும் ஒரு படி மேலே போனார். அரசியலமைப்பு வழிகள் திறந்திருக்கிற நாட்டில் சத்தியாகிரகம், சட்டமறுப்பு போன்றவற்றைக் கைவிட வேண்டும் என்றார்.

ஸ்ரீராமுலுவின் ஆதரவாளர்களிடம் இதற்கு வலுவான பதில் இருந்தது. குழு போட்டார்கள், அறிக்கை வந்தது, தேர்தல் நடந்தது, 35 நாள் உண்ணாவிரதமும் நடந்தது. எதற்கும் அரசு அசையவில்லை என்றால் வேறு என்ன வழி? அவர் யாரையும் அடிக்கவில்லை, யாருடைய பாதையையும் மறிக்கவில்லை. தன் உடம்பைத்தான் பணயம் வைத்தார்.

இரண்டு வாதத்திலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் தொடாத இடம் ஒன்று உண்டு. அதுதான் டிசம்பர் 15-க்குப் பிந்தைய நாட்கள்.

1922 பிப்ரவரியில் சௌரி சௌராவில் ஒரு கூட்டம் காவல் நிலையத்துக்குத் தீ வைத்து 22 போலீஸ்காரர்களைக் கொன்றது. நாடு முழுக்க சூடுபிடித்திருந்த ஒத்துழையாமை இயக்கத்தையே காந்தி நிறுத்தினார். ஐந்து நாள் உண்ணாவிரதமும் இருந்தார். தன் பெயரில் நடந்த வன்முறைக்குத் தானே பொறுப்பு என்றார். போராட்டத்தைத் தொடங்கத் தெரிந்தவருக்கு அதை நிறுத்தவும் தெரிய வேண்டும் என்பதற்கு இன்றுவரை சொல்லப்படும் உதாரணம் அது.

1952-ல் ஸ்ரீராமுலுவால் அதைச் செய்ய முடியவில்லை. வாழ்நாள் முழுக்க அகிம்சை விதிகளைக் கடைப்பிடித்தவரின் பெயரில் கல் பறந்தபோது, வேண்டாம் என்று சொல்ல அவர் உயிரோடு இல்லை. சாகும்வரை உண்ணாவிரதத்தில் இருக்கிற பெரிய ஆபத்து இதுதான். போராட்டம் உச்சத்துக்குப் போகும் நேரத்தில், அதைக் கட்டுப்படுத்தக்கூடிய ஒரே ஆள் இல்லாமல் போய்விடுகிறார்.

பழி அவர் மேல் மட்டும் இல்லை. அரசுக்கும் பங்கு உண்டு. அமைதியாகக் கேட்டபோது காட்டாத வேகத்தை, கலவரம் வந்த பிறகு காட்டினால், மக்கள் கற்றுக்கொள்ளும் பாடம் எதுவாக இருக்கும்? 58 நாள் கிடைக்காதது, நாலே நாள் கொந்தளிப்பில் கிடைத்தது.

தமிழ்நாட்டிலும் ஒரு மரணம்

இதே மாதிரி ஒரு கதை தமிழ்நாட்டுக்கும் உண்டு. மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளுடன், 1956 ஜூலை 27-ம் தேதி விருதுநகரில் உண்ணாவிரதம் தொடங்கினார் தியாகி சங்கரலிங்கனார். அவரும் காந்தியவாதிதான். 70 நாட்களைத் தாண்டிய உண்ணாவிரதம் அக்டோபர் 13-ம் தேதி அவர் மரணத்தில் முடிந்தது.

பெயர் மாற்றத் தீர்மானம் 1967-ல் அண்ணா முதல்வரான பிறகுதான் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 1969 ஜனவரியில் பெயர் மாற்றம் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுப்பெட்டி வழியாக வந்த மாற்றம் அது. அந்தக் கோரிக்கையை மக்கள் மனதில் பதியவைத்ததில் சங்கரலிங்கனாரின் பங்கை யாரும் மறுப்பதில்லை.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

ஆயுதம் இல்லாமல் அமைதியாகக் கூடுவது அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் அடிப்படை உரிமை. ஆனால் பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம். பொதுச்சாலையைக் காலவரையின்றி மறித்துப் போராட முடியாது என்று 2020-ல் ஷாகீன் பாக் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பவர் மீது தற்கொலை முயற்சி வழக்கு போடுவது பழைய நடைமுறை. மணிப்பூரின் இரோம் ஷர்மிளா 2000 முதல் 2016 வரை இந்தப் பிரிவில்தான் திரும்பத் திரும்பக் கைதாகி, மூக்கில் குழாய் வழியாக உணவு செலுத்தப்பட்டு வாழ்ந்தார்.

2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 309-வது பிரிவு இல்லை. ஆனால் 226-வது பிரிவு இருக்கிறது. அரசு ஊழியரைக் கடமை செய்ய விடாமல் தடுக்கவோ, ஒன்றைச் செய்யவைக்கவோ தற்கொலைக்கு முயன்றால், ஒரு வருடம் வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை தண்டனை. உண்ணாவிரதம் இதில் வருமா என்பது, எந்த நோக்கத்தில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அறமா, நிர்ப்பந்தமா என்று காந்தியும் அம்பேத்கரும் கேட்ட அதே கேள்வி இப்போது சட்டப் புத்தகத்துக்குள் வந்திருக்கிறது.

126-ம் எண் சொல்வது

ஆந்திராவில் நெல்லூர் மாவட்டமே இப்போது அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2008-ல் அது ஸ்ரீ பொட்டி ஸ்ரீராமுலு நெல்லூர் மாவட்டம் ஆனது. மயிலாப்பூர் முகவரியில் அவருக்கு நினைவகம் இருக்கிறது. அவர் எந்த மாநிலத்துக்காக உயிர்விட்டாரோ, அதன் எல்லைக்கு வெளியே, தமிழ்நாட்டின் தலைநகரில்.

ஒரு போராட்டத்தை எடைபோட, அடித்தார்களா இல்லையா என்று பார்த்தால் மட்டும் போதாது என்பதை அந்த 58 நாட்கள் காட்டுகின்றன. கோரிக்கை தெளிவாக இருக்கிறதா, எதிர்த்தரப்பு இறங்கிவர ஒரு கதவு திறந்திருக்கிறதா, போதும் என்று சொல்ல ஒருவர் இருக்கிறாரா, அவர் சொன்னால் கூட்டம் கேட்குமா? இது போராடுகிறவர்களுக்கான செக்லிஸ்ட்.

ஆட்சியில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு வரிதான். அமைதியாக உட்கார்ந்திருப்பவரிடம் முதல் வாரத்திலேயே போய்ப் பேச வேண்டும்.

1952-ல் கோட்டையில் இருந்து மயிலாப்பூருக்கு தூரம் சில கிலோமீட்டர்தான்.